வேக விதி ஒன்று, வழி இரண்டு: எலக்ட்ரான் எப்படிப் போனது என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

நீலமாகாத ஸ்டார்ச் | செவ்வாய், இரவு 9:14

முதுகலை வேதியியல் முதல் வருடம். போன வாரம் லேப்பில் பெர்சல்பேட்–அயோடைடு வினை. கொஞ்சம் தயோசல்பேட்டும் ஸ்டார்ச்சும் சேர்த்து, நீலம் வரும் வரை ஸ்டாப்வாட்ச்சோடு உட்கார்ந்திருக்கும் அதே பழைய சோதனை. பெர்சல்பேட் 0.01 மோலார். அயோடைடு 0.05 மோலார் இருந்தபோது 100 வினாடி. அயோடைடை 0.1 ஆக்கினால் 50 வர வேண்டும், இல்லையா? எனக்கு வந்தது 41. மூன்று முறை செய்தேன்: 41, 42, 41. "50 என்று ரெக்கார்டில் போட்டுவிட்டுப் போ" என்றார்கள் பக்கத்து மேசையில். மனசு வரவில்லை.

வைவாவில் இன்னும் மோசம். வேக விதியைச் சரியாக எழுதினேன். "சரி, வழிமுறை என்ன?" என்றார் சார். இரண்டும் மோதும், எலக்ட்ரான் மாறும் என்றேன். சிரித்தார். "மோதினால் மாறிவிடுமா? கைமாற்றிக் கொடுத்ததா, தள்ளி நின்று வீசியதா?" பாலம் கட்டிக் கைமாற்றினால் உட்கோள வழி, தொடாமல் தாவினால் வெளிக்கோள வழி என்று புத்தகத்தில் இரண்டு இருக்கிறது, தெரியும். ஆனால் இரண்டுக்கும் வேக விதி ஒன்றேதான்: இரண்டு செறிவுகளின் பெருக்கல். எலக்ட்ரானைக் கண்ணால் பார்க்கவும் முடியாது. பிறகு எந்தத் தைரியத்தில் "இது உட்கோளம், அது வெளிக்கோளம்" என்று எழுதுகிறார்கள்?

கருவி அறை | 9:31

முதலில் 41-ஐப் பார்ப்போம். அயோடைடு 0.05 போட்ட குடுவையில் மீதிக் கன அளவை எதால் நிரப்பினீர்கள்? தண்ணீரா, பொட்டாசியம் நைட்ரேட்டா?

நீலமாகாத ஸ்டார்ச் | 9:33

தண்ணீர். மேனுவலில் நைட்ரேட் என்றுதான் இருந்தது. பாட்டில் காலி.

கருவி அறை | 10:02

அப்போது 41 சரியான அளவீடுதான். 100-ம் சரிதான். ஆனால் இரண்டும் ஒரே கரைசலில் எடுத்தவை அல்ல.

பெர்சல்பேட் 2−, அயோடைடு 1−. இரண்டும் எதிர்மின் அயனிகள், ஒன்றையொன்று தள்ளும். சுற்றிலும் உப்பு அதிகமானால் அந்தத் தள்ளல் மங்கும், வினை வேகமெடுக்கும். கணக்காகச் சொன்னால், வேக மாறிலியின் (வேக விதியில் செறிவுகளைப் பெருக்கும் எண்) மடக்கை அயனி வலிமையின் (கரைசலில் எவ்வளவு அயனி, எவ்வளவு மின்சுமை என்பதன் கணக்கு) வர்க்கமூலத்தோடு ஏறும், சாய்வு 1.02 × இரண்டு மின்சுமைகளின் பெருக்கல். இங்கே பெருக்கல் +2. உங்கள் முதல் குடுவையில் அயனி வலிமை சுமார் 0.08, இரண்டாவதில் 0.13. இவ்வளவு உப்பில் அந்தச் சமன்பாட்டை அப்படியே போட்டால் கொஞ்சம் மிகையாக வரும். திருத்தத்தோடு போட்டால் 1.2 மடங்குக்குப் பக்கத்தில் வருகிறது. உங்கள் 100-ஐ 41-ஆல் வகுத்தால் 2.44. அதில் 2 அயோடைடின் பங்கு, மீதி 1.22 உப்பின் பங்கு.

நல்லவேளை, 50 என்று எழுதவில்லை. "பிழை" என்று நினைத்தீர்களே, வழிமுறையைப் பற்றி உங்கள் கையில் இருக்கும் முதல் சாட்சியே அதுதான். உப்பு போட்டால் வேகம் கூடுகிறது என்றால், முக்கியமான படியில் சந்திப்பவை ஒரே குறி கொண்ட அயனிகள். எதிரெதிர் குறியாக இருந்தால் வேகம் குறையும். ஒன்றுக்கு மின்சுமையே இல்லையென்றால் அநேகமாக அசையாது.

வேக விதி சொல்வது, வினை ஏறிக் கடக்க வேண்டிய ஆற்றல் மேட்டின் உச்சியில் நிற்கும் கூட்டத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று. உப்பு சொல்வது, அவர்களுக்கு என்ன மின்சுமை என்று. எப்படிக் கைகோத்து நிற்கிறார்கள் என்பதை இரண்டுமே சொல்லாது. உங்கள் சார் கேட்டது அதைத்தான்.

பழைய சோதனைக்குழாய் | 10:40

முப்பது வருடம் இந்தப் பாடம் எடுத்தவன், அதனால் கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எலக்ட்ரான் போன பாதையைப் பார்க்க முடியாது. ஆனால் அது போகும்போது கூடவே ஏதாவது நகர்ந்ததா என்று பார்க்கலாம். 1953-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஹென்றி டௌபி செய்தது அதைத்தான். அவருடைய சாமர்த்தியம் கருவியில் இல்லை, ஆள் தேர்வில் இருந்தது.

கோபால்ட் 3+, ஐந்து அம்மோனியா, ஒரு குளோரைடு: இந்த அணைவுச் சேர்மம் தன் ஈனிகளை, அதாவது உலோகத்தைச் சுற்றி ஒட்டியிருப்பவற்றை, லேசில் விடாது. எதிரில் குரோமியம் 2+. அது இளகிய கை, சுற்றியுள்ள தண்ணீரை நொடிக்குப் பல கோடி முறை மாற்றிக்கொண்டே இருக்கும். எலக்ட்ரான் கைமாறியதும் குணம் தலைகீழாகிறது. கோபால்ட் 2+ ஆகி எல்லா ஈனிகளையும் உதிர்த்துவிடும். குரோமியம் 3+ ஆகி, அந்த நொடியில் கையில் இருந்ததை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அது ஒரு தண்ணீர் மூலக்கூற்றை மாற்றவே நாள்கணக்கில் ஆகும்.

வினை முடிந்த கரைசல் பச்சை. வெறும் தண்ணீர் சூழ்ந்த குரோமியம் 3+ என்றால் ஊதா கலந்த நீலம் வர வேண்டும். இந்தப் பச்சை, குளோரைடு ஒட்டிய குரோமியத்தின் நிறம். எலக்ட்ரானைக் கொடுத்தது குரோமியம், வாங்கியது கோபால்ட். ஆனால் குளோரைடு எதிர்த்திசையில் கோபால்ட்டை விட்டுக் குரோமியத்திடம் வந்துவிட்டது. எலக்ட்ரான் போன நேரத்தில் குளோரைடு இரண்டு உலோகத்தையும் பிடித்துக்கொண்டு பாலமாக நின்றிருந்தால்தான் இது நடக்கும். 1983-ல் அவருக்கு நோபல் கிடைத்தது இந்த வரிசை வேலைக்குத்தான்.

சந்தேகி | 10:52

ஐயா, குறுக்கே வருகிறேன். குளோரைடு குரோமியத்திடம் இருக்கிறது என்பதாலேயே அது பாலம் வழியாக வந்தது என்று ஆகிவிடுமா? எலக்ட்ரான் தூரத்திலிருந்து தாவியிருக்கலாம். கோபால்ட் உதிர்த்த குளோரைடை அப்புறம் குரோமியம் பொறுக்கியிருக்கலாம்.

பழைய சோதனைக்குழாய் | 11:08

வகுப்பில் இந்தக் கேள்வி வராத வருடம் எனக்கு வருத்தமான வருடம்.

பொறுக்கியிருக்க முடியாது, ஏனென்றால் எலக்ட்ரானைக் கொடுத்த பிறகு அது குரோமியம் 3+. வெளியே திரியும் குளோரைடைச் சேர்த்துக்கொள்ள அதற்கு மணிக்கணக்கில், நாள்கணக்கில் ஆகும். வினையோ கலந்த கணமே முடிந்துவிடுகிறது. இதை வாதமாக விடாமல் சோதித்தும் பார்த்தார்கள். கரைசலில் கதிரியக்கக் குளோரைடைத் தனியாகப் போட்டுவிட்டு வினையை நடத்தினார்கள். வெளியிலிருந்து பொறுக்குவதாக இருந்தால் கதிரியக்கம் குரோமியத்தில் ஏற வேண்டும். ஏறவில்லை. குரோமியத்திடம் இருந்தது கோபால்ட்டிடமிருந்து வந்த குளோரைடு மட்டுமே.

நிறத்தை மட்டும் நம்பவும் கூடாது. குரோமியம் 2+ காற்றைச் சுவாசித்தாலும் பச்சையாகத்தான் ஆகும். எங்கள் காலத்தில் அயனிப் பரிமாற்றப் பத்தியில் ஊற்றிப் பிரிப்போம். 2+ மின்சுமை கொண்ட குளோரோ சேர்மம் முதலில் இறங்கும், 3+ கொண்டது பிசின் மேலேயே உட்கார்ந்திருக்கும். இறங்கியதன் நிறமாலையில் 609, 428 நானோமீட்டரில் இரண்டு முகடுகள். தண்ணீர் மட்டும் சூழ்ந்ததற்கு 574, 408. பத்தி இறங்கும் வரை அதையே பார்த்துக்கொண்டு நின்ற மாணவர்கள் யாரும் இந்தப் பாடத்தை மறந்ததில்லை.

மஞ்சப்பை | 11:15

ஆக, குரோமியம் காசைக் கொடுத்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டது. ரசீது கையிலேயே இருக்கிறது.

கருவி அறை | 11:47

வேகத்தையும் சொல்லிவிடுகிறேன், அங்கேதான் சுவையே. அதே கோபால்ட்டில் குளோரைடுக்குப் பதில் ஆறாவதாகவும் அம்மோனியா போட்டால் பாலமாக நிற்க ஆளில்லை. அம்மோனியாவின் நைட்ரஜனில் இருந்த ஒரே தனி ஜோடி எலக்ட்ரானும் கோபால்ட்டோடு பிணைந்துவிட்டது. குரோமியத்துக்கு நீட்ட ஒன்றும் மிச்சமில்லை. அதன் வேக மாறிலி 25 டிகிரியில் சுமார் 9 × 10⁻⁵ மோலார்⁻¹ வினாடி⁻¹. குளோரைடு இருந்தால் சுமார் 6 × 10⁵.

குரோமியம் 0.1 மோலார் என்று வைத்துப் போட்டுப் பாருங்கள். அம்மோனியா சேர்மத்தின் அரைவாழ்காலம் ஏறக்குறைய 21 மணி நேரம். குளோரைடு சேர்மத்துக்கு 12 மைக்ரோ வினாடி. ஒரே ஓர் ஈனி மாறியதற்கு, கிட்டத்தட்ட 700 கோடி மடங்கு.

முதல் வினையைச் சாதாரண ஸ்பெக்ட்ரோமீட்டரில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டு வரலாம். இரண்டாவதற்கு ஸ்டாப்டு ஃப்ளோ வேண்டும். இரண்டு சிரிஞ்ச், ஒரு கலக்கும் அறை. பிஸ்டன் தள்ளியதும் கரைசல் பாய்ந்து, நின்று, நின்ற கணத்திலிருந்து ஒளி உறிஞ்சல் பதிவாகும். கலந்து முடியவே ஏறத்தாழ ஒரு மில்லி வினாடி போய்விடும், அதற்குள் நடந்தது நமக்குத் தெரியாது. அதனால் குரோமியத்தை 10⁻⁴ மோலாருக்கு இறக்குவோம், அரைவாழ்காலம் 12 மில்லி வினாடிக்கு வரும். கோபால்ட்டை அதிலும் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே வைப்போம். அப்போது குரோமியம் குறைந்ததாகவே தெரியாது, வேகம் கோபால்ட்டின் செறிவை மட்டும் சார்ந்தது போல, போலி முதல்வகை வினையாக வளைவு அழகாக விழும். குரோமியத்தின் செறிவை ஐந்தாறு விதமாக மாற்றி, கிடைத்த மாறிலிகளை அதற்கு எதிராக வரைந்தால் நேர்கோடு. அதன் சாய்வுதான் உண்மையான வேக மாறிலி. அயனி வலிமையை மட்டும் பெர்குளோரேட் உப்பால் ஒரே அளவில் கட்டி வைக்க வேண்டும். ஸ்டார்ச், இது உங்களுக்கு.

இப்போது என் சோகக் கதை. ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது மூன்று வாரம் எடுத்த அளவீடுகள் குப்பைக்குப் போயின. துத்தநாக இரசக்கலவையில் குரோமியம் 3+-ஐ ஒடுக்கினால் வானத்து நீலத்தில் ஒரு கரைசல் வரும், பார்க்கவே ஆசையாக இருக்கும். காலையில் எடுத்த மாறிலி நன்றாக இருக்கும், மாலையில் 30 சதவீதம் குறையும். வெப்பநிலையா, விளக்கா, சிரிஞ்சில் குமிழியா என்று எல்லாவற்றையும் கழற்றி மாட்டினேன். கடைசியில் பார்த்தால், வாங்கிய நைட்ரஜன் சிலிண்டரிலேயே ஆக்சிஜன் இருந்திருக்கிறது. நான் காற்றை விரட்ட ஊதிய வாயுவே குரோமியத்தைத் தின்றுகொண்டிருந்தது. அன்றிலிருந்து அந்த நாளின் முதல் ஓட்டத்தையே கடைசியாக இன்னொரு முறை எடுப்பேன். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அன்றைக்கு எடுத்தது எதுவும் கணக்கில் வராது.

சந்தேகி | புதன், காலை 7:20

குரோமியம் இறுக்கிப் பிடிப்பதால் கையும் களவுமாக மாட்டியது. இரும்பு மாதிரி உலோகங்கள் வினை முடிந்த மறுகணமே ஈனியை மாற்றிவிடுமே? அங்கே ரசீது ஏது?

கருவி அறை | 8:05

அங்கே சுற்றி வளைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

ஒன்று, வேகத்தை ஈனி மாறும் வேகத்தோடு ஒப்பிடுவது. பாலம் கட்ட வேண்டுமென்றால் இரண்டில் ஓர் உலோகமாவது தன் ஈனி ஒன்றை விட்டு இடம் கொடுக்க வேண்டும். பைபிரிடின் மூன்று கட்டிய ருத்தேனியத்தின் 2+, 3+ இரண்டுமே ஈனியை விடாதவை. ஆனால் அவற்றுக்குள் எலக்ட்ரான் 10⁸-க்கும் மேலான வேக மாறிலியோடு மாறுகிறது. பாலம் கட்ட நேரமே இல்லை, எனவே வெளிக்கோளம். இது அசைக்க முடியாத வாதம்.

இன்னொன்று, கோபால்ட்டில் அசைடையும் தயோசயனேட்டையும் மாறி மாறி வைத்துப் பார்ப்பது. அசைடின் இரு முனையும் நைட்ரஜன். தயோசயனேட் நைட்ரஜன் பக்கம் கோபால்ட்டைப் பிடித்திருந்தால் எதிராளிக்கு நீட்டுவது கந்தகத்தை. குரோமியத்துக்குக் கந்தகம் பிடிக்காது. அதனால் அசைடு வழி சுமார் 3 × 10⁵, தயோசயனேட் வழி வெறும் 19. எலக்ட்ரான் தூரத்திலிருந்தே தாவினால் எந்த முனை நீட்டுகிறது என்பது அவ்வளவு முக்கியமில்லை, வித்தியாசம் சில மடங்கோடு நின்றுவிடும். பத்தாயிரம் மடங்கு வித்தியாசம் வந்தால், யாரோ அந்த முனையைத் தொட்டிருக்கிறார்கள். ஆனால் இது சூழ்நிலைச் சாட்சிதான், ரசீது அல்ல. சில உலோகங்கள் கந்தகத்தையே விரும்பும், அங்கே இந்தச் சோதனை ஏமாற்றும்.

நீலமாகாத ஸ்டார்ச் | 9:50

உட்கோளம் புரிந்துவிட்டது. வெளிக்கோளத்தில்தான் உதைக்கிறது. தொடவே வேண்டாம் என்றால் தடை எங்கிருந்து வருகிறது? எலக்ட்ரான் பொடிசு, தாவிவிட வேண்டியதுதானே? எல்லாமே ஒரே வேகத்தில் அல்லவா நடக்க வேண்டும்?

கோடு போட்ட நோட்டு | மதியம் 1:30

நான் சோதனைக்குழாய் பிடிக்காத ஆள், கணக்குப் பக்கம். எனக்குப் பிடித்த வினை, ஒன்றுமே மாறாத வினை. இரும்பு 2+-உம் 3+-உம் தண்ணீரில் இருக்கின்றன. எலக்ட்ரான் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போனால் மறுபடி 2+-உம் 3+-உம்தான். நிறம் மாறாது, வெப்பம் வராது. ஒன்றை மட்டும் கதிரியக்க இரும்பாகப் போட்டு, அவ்வப்போது இரண்டையும் பிரித்து, கதிரியக்கம் எவ்வளவு மறுபக்கம் போனது என்று எண்ணினால்தான் வேகம் தெரியும். 25 டிகிரியில் சுமார் 4 மோலார்⁻¹ வினாடி⁻¹. ருத்தேனியம் ஹெக்சா அம்மின் ஜோடிக்கு ஆயிரக்கணக்கில். கோபால்ட் ஹெக்சா அம்மின் ஜோடிக்கு 40 டிகிரியிலேயே 10⁻⁵ அளவு. லாபமும் இல்லை நட்டமும் இல்லை, மூன்றிலும். ஆனாலும் இத்தனை ஏற்றத்தாழ்வு.

காரணத்தை 1952-ல் கோடிகாட்டியவர் வில்லர்ட் லிபி, கார்பன்-14 காலக்கணிப்பின் அதே லிபி. எலக்ட்ரான் பாயும் வேகத்தில் அணுக்கருக்கள் நகர முடியாது. கோபால்ட் 3+-ல் அம்மோனியா நெருங்கி நிற்கும், 2+-ல் சுமார் 0.2 ஆங்ஸ்ட்ராம் தள்ளி நிற்கும். எலக்ட்ரான் சட்டென்று தாவினால் அண்ணன் சட்டையில் தம்பியும் தம்பி சட்டையில் அண்ணனும் மாட்டிக்கொண்ட கதை. ஆற்றல் எகிறும்.

அந்தக் கட்டுரையைப் படித்த ருடால்ப் மார்கஸ், அப்போது புரூக்ளினில் இருந்தவர், ஓர் ஓட்டையைப் பார்த்தார். இருட்டில் நடக்கும் வினையில் அந்த எகிறிய ஆற்றலை யார் கொடுப்பது? ஒளியும் இல்லை. அப்படியானால் தாவல் முதலில் நடக்க முடியாது. இரண்டு பக்கத்துச் சட்டையும் வெப்ப அசைவில் தற்செயலாக நடு அளவுக்கு வந்து, தாவினாலும் தாவாவிட்டாலும் ஆற்றல் சமம் என்ற நிலை வர வேண்டும். அந்தக் கணத்தில்தான் எலக்ட்ரான் போகும். தடை என்பது அந்த நடு அளவுக்கு வரும் செலவு. ஈனிகளின் செலவும், சுற்றியுள்ள கரைப்பான் திரும்பி நிற்கும் செலவும் சேர்ந்தது. ருத்தேனியத்துக்குப் பிணைப்பு நீளம் 0.04 ஆங்ஸ்ட்ராம்தான் மாறுகிறது, அதனால் மலிவு. கோபால்ட்டுக்கு மேலும் ஒரு தொல்லை: எலக்ட்ரான்களின் தற்சுழற்சி அடுக்கே மாற வேண்டும்.

1956-ல் வந்த சூத்திரம்: தடை = (லாம்டா ÷ 4) × (1 + வினையின் ஆற்றல் ÷ லாம்டா)². லாம்டா என்பது மறுசீரமைப்பு ஆற்றல், அதாவது சட்டை மாற்றும் மொத்தச் செலவு. லாம்டா 1 எலக்ட்ரான் வோல்ட் என்று வைத்துப் போட்டுப் பாருங்கள். வினையில் ஆற்றல் மாற்றம் இல்லை: தடை 0.25. வினை 0.5 இறங்குகிறது, அதாவது ஆற்றல் −0.5: 0.0625. ஒன்று இறங்குகிறது: பூஜ்யம். சரி, இன்னும் இறக்குங்கள், 1.5. என்ன வருகிறது?

நீலமாகாத ஸ்டார்ச் | 1:52

மறுபடி 0.0625! தப்பாகப் போட்டேனா?

கோடு போட்ட நோட்டு | 2:10

சரியாகத்தான் போட்டீர்கள். பள்ளம் ஆழமாக ஆழமாக, ஓர் எல்லைக்கு அப்புறம் வினை மெதுவாகிறது. தலைகீழ்ப் பகுதி என்பார்கள். பல பேருக்கு இது விழுங்க முடியவில்லை. 1970-ல் ரேம், வெல்லர் இருவரும் அசிட்டோநைட்ரைலில் ஒளிர்வை அணைக்கும் வினைகளை வரிசையாக அளந்தார்கள். வேகம் ஏறி, ஏறி, சமதளமாக நின்றது. இறங்கவே இல்லை.

மஞ்சப்பை | 2:16

ஏன் இறங்கவில்லை என்று எனக்கே தெரியும் போலிருக்கிறது. கல்யாணப் பந்தியில் நீங்கள் ஐந்து நிமிடத்தில் சாப்பிடுகிறவரா, பத்து நிமிடத்தில் சாப்பிடுகிறவரா என்பது வெளியே தெரியாது. இலைக்கு இடம் கிடைக்கவே ஒரு மணி நேரம்.

கோடு போட்ட நோட்டு | 2:40

கச்சிதம். இரண்டு மூலக்கூறுகளும் கரைசலில் நீந்திச் சந்திப்பதற்கே நேரமாகிறது. அசிட்டோநைட்ரைலில் அந்த உச்சவரம்பு 10¹⁰ அளவு. தாவல் அதைவிட வேகமாக இருக்கும் வரை கூடினாலும் குறைந்தாலும் அளவீட்டில் தெரியாது.

எனவே வரிசையில் நிற்பதையே ஒழித்தார்கள். 1984-ல் சிகாகோ அருகே ஆர்கான் ஆய்வகத்தில் மில்லர், கல்கட்டெரா, குளோஸ் மூவரும் கொடுப்பவரையும் வாங்குபவரையும் ஒரே மூலக்கூறாகத் தைத்துவிட்டார்கள். ஒரு முனையில் பைபினைல், மறு முனையில் எலக்ட்ரானை வாங்கும் விதவிதமான ஏற்பிகள், நடுவில் வளையாத ஸ்டீராய்டு சட்டகம். தூரம் மாறாது, நீந்தவும் வேண்டாம். முடுக்கியிலிருந்து எலக்ட்ரான் துடிப்பைப் பாய்ச்சிப் பைபினைலுக்கு ஓர் எலக்ட்ரானைக் கொடுத்து, அது மறுமுனைக்குப் போவதை நிறமாலையில் பார்த்தார்கள். ஏற்பியை மாற்ற மாற்ற வேகம் ஏறியது, சுமார் 1.2 எலக்ட்ரான் வோல்ட் இறக்கத்தில் உச்சம் தொட்டது, அப்புறம் 2.4 போகும்போது நன்றாகவே இறங்கியது. சூத்திரம் எழுதி 28 வருடம் கழித்து. மார்கஸுக்கு நோபல் 1992-ல்.

பழைய சோதனைக்குழாய் | மாலை 6:05

அருமையாகப் போகிறது. ஒன்றே ஒன்று சேர்க்கிறேன், வேக விதியை ரொம்பவும் மட்டம் தட்டிவிட்டோமோ என்று தோன்றுகிறது.

அதே கோபால்ட்டில் குளோரைடுக்குப் பதில் ஒரு தண்ணீர் மூலக்கூறு. குரோமியம் 2+-ஐச் சேர்த்து, அமிலத்தின் செறிவை மட்டும் மாற்றிக்கொண்டே போங்கள். அமிலம் குறையக் குறைய வேகம் கூடும், கிட்டத்தட்ட தலைகீழ் விகிதத்தில். தண்ணீர் ஒரு புரோட்டானை இழந்து ஹைட்ராக்சைடு ஆன பிறகுதான் வினை நடக்கிறது என்று அர்த்தம். ஹைட்ராக்சைடு குளோரைடைவிட நல்ல பாலம். அங்கே பாலத்தின் பெயரைச் சொன்னது வேக விதியேதான். எல்லா நிபந்தனையையும் மாற்றிப் பார்க்காமல் "விதி ஒன்றுதானே" என்று சொல்லக் கூடாது.

சந்தேகி | 6:30

ஸ்டார்ச்சின் பெர்சல்பேட்–அயோடைடு இதில் எந்தப் பெட்டி?

கருவி அறை | 7:12

இரண்டு பெட்டியும் உலோக அணைவுகளுக்காகச் செய்தவை. இங்கே நடுவில் ஓர் ஆக்சிஜன்–ஆக்சிஜன் பிணைப்பு வேறு உடைகிறது, அப்படியே ஒட்ட முடியாது. ஸ்டார்ச்சின் அளவீடு நேர்மையாகச் சொல்வது இவ்வளவு: மெதுவான படியின் உச்சியில் ஒரு பெர்சல்பேட், ஓர் அயோடைடு, மொத்த மின்சுமை 3−. வைவாவில் இதைச் சொல்லிவிட்டு நிறுத்தினால் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

நீலமாகாத ஸ்டார்ச் | வெள்ளி, மாலை 5:48

பக்கத்து லேப்பில் கெஞ்சி நைட்ரேட் வாங்கி மறுபடி செய்தேன். 0.05 அயோடைடோடு 0.05 நைட்ரேட்: 83 வினாடி. 0.1 அயோடைடு: அதே 41. ரெக்கார்டில் பழைய 100-ஐ அடிக்காமல், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

கருவி அறை | 6:02

பிரமாதம். 0.025-க்கும் எடுத்தீர்களா?

நீலமாகாத ஸ்டார்ச் | 6:03

அதற்குள் நைட்ரேட் மறுபடி காலி.